முகம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை

என் தோழி ஒருத்தி கணக்கு டீச்சர். அரையாண்டுத் தேர்வுத் தாளைத் திருத்தி வகுப்பில் கொடுக்கிற நாளில் மற்ற ஆசிரியர்கள் பெஞ்ச் பெஞ்சாக நடந்துபோய், பிள்ளையின் கையில் தாளைக் கொடுத்து, திட்டியோ பாராட்டியோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வருவார்கள். இவள் மேசையை விட்டு நகர மாட்டாள். பேரை உரக்கப் படிப்பாள். பிள்ளை எழுந்து வந்து வாங்கிக்கொண்டு போகும். 11 வருடமாக இப்படித்தான். எதிரே 42 பெண் பிள்ளைகள். ஒரே யூனிஃபார்ம், ஒரே இரட்டைச் சடை, ஒரே நிற ரிப்பன். அதில் யார் யார் என்று முகத்தைப் பார்த்து அவளால் சொல்ல முடியாது.

கண்ணில் கோளாறு இல்லை. கடைசி பெஞ்சில் கணக்கு நோட்டுக்குள் கதைப் புத்தகம் இருப்பதைக் கரும்பலகைப் பக்கம் நின்றே கண்டுபிடித்துவிடுவாள். ஞாபகமும் குறைவில்லை. எந்தப் பிள்ளைக்குப் பின்னம் வராது, எதற்கு இயற்கணிதம் வராது, யாருடைய அப்பா துபாயில் இருக்கிறார், எல்லாம் மனப்பாடம். பிள்ளை வாயைத் திறந்தால் போதும், அடுத்த நொடி ஆள் தெரிந்துவிடும். கையெழுத்தைப் பார்த்தால் பேரைப் பார்க்கவே வேண்டாம். முகம் மட்டும் மனதில் ஒட்டுவதில்லை.

சிக்கல் பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேருந்து நிலையத்தில், பாவாடை தாவணியும் தலை நிறையப் பூவுமாக ஒரு பிள்ளை அம்மாவோடு நின்று இவளைப் பார்த்துச் சிரித்தது. இவளும் யாரோ ஒரு பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி சிரித்துவிட்டுத் தாண்டிப் போய்விட்டாள். நாலு மாதமாகத் தினமும் இவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளை அது. மறுநாள் வகுப்பில் அது நிமிர்ந்தே பார்க்கவில்லை. "டீச்சருக்கு நம்மளையெல்லாம் தெரியுமா என்ன" என்று அந்த அம்மா சொன்னது ஊர் சுற்றி என் தோழியின் காதுக்கும் வந்தது. அன்று சாயங்காலம் அவள் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதாள். இதை எழுத எனக்கு அதுதான் காரணம்.

இந்த நிலைக்கு மருத்துவத்தில் புரோசோபக்னோசியா என்று பேர். கிரேக்க மொழியில் முகத்துக்கான சொல்லையும் அறியாமைக்கான சொல்லையும் சேர்த்து, 1947-ல் யோவாகிம் போடமர் என்ற ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் வைத்தது. தமிழில் முகக்குருடு என்றோ முகமறதி என்றோ சொல்லிவிடத் தோன்றும். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. கண் நன்றாகத் தெரிகிறவரைக் குருடு என்று சொல்வது தவறு. மறதி என்றால் முதலில் மனதில் பதிந்திருக்க வேண்டும். இங்கே பதிவதே இல்லை. போடமர் வைத்த பேருக்கு நேர்ப் பொருளாக முகமறியாமை என்றே எழுதுகிறேன்.

போடமரிடம் வந்தவர்களில் ஒருவர் 24 வயதுப் போர் வீரர். தலையில் குண்டுக் காயம். காயம் ஆறியது, ஆனால் சொந்த வீட்டாரைப் பார்த்தால் அடையாளம் தெரியவில்லை, கண்ணாடியில் தெரிவது தன் முகம்தான் என்பதும் தெரியவில்லை. குரலையும் நடையையும் வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு பல வருடங்கள் மருத்துவர்கள் எழுதிவைத்தவை பெரும்பாலும் இந்த மாதிரிக் கதைகளே: தலையில் அடிபட்டவர்கள், மூளையின் பின்பக்கத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தவர்கள். நேற்றுவரை தெரிந்த முகம் இன்று தெரியவில்லை என்றால் அது எவருக்கும் உடனே உறைக்கும். (அப்படித் திடீரென்று வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம்.)

ஆனால் பிறவியிலிருந்தே முகம் ஒட்டாதவர்களுக்கு இழப்பு என்று ஒன்று நடக்கவே இல்லை. இருந்தது போனால்தானே தெரியும்? மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று எட்டிப்பார்க்க வழி இல்லை. எல்லோரும் தன்னைப் போலத்தான் தட்டுத்தடுமாறுகிறார்கள், தான்தான் போதுமான அக்கறை எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே வளர்ந்துவிடுகிறார்கள். மருத்துவ உலகமும் அப்படித்தான் இருந்தது. தலையில் அடி எதுவும் படாமலேயே முகம் அறியாத ஒரு 12 வயதுச் சிறுமியைப் பற்றிய அறிக்கை 1976-ல் வந்தது. போடமர் பேர் வைத்து 29 வருடம் கழித்து.

"முகம் மங்கலாகத் தெரியுமா?" இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். இல்லை. கண், மூக்கு, உதடு, மரு, தழும்பு எல்லாம் தெளிவாகத் தெரியும். பெரும்பாலும் எதிரே இருப்பவர் ஆணா பெண்ணா, வயது என்ன, கோபமா சந்தோஷமா என்பதுகூடத் தெரியும். யார் என்பது மட்டும் தெரியாது. அடுத்த முறை பார்க்கும்போது அது புது முகம்.

இதை ஓரளவு உணர்ந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. பழைய செய்தித்தாளில் யாருடைய படமாவது இருந்தால் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். மூக்கு மூக்காகத்தான் இருக்கிறது, வாய் வாயாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஆளைச் சட்டென்று பிடிக்க முடியாது. வீடு, விமானம் போன்ற படங்களையும் தலைகீழாகப் பார்த்தால் கொஞ்சம் சிரமம்தான். முகத்துக்கு அந்தச் சிரமம் பல மடங்கு என்று ராபர்ட் யின் 1969-ல் காட்டினார். 1980-ல் பீட்டர் தாம்சன் இன்னொன்று செய்தார். அப்போதைய பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சரின் படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் வெட்டித் தலைகீழாக ஒட்டினார். படத்தை மொத்தமாகத் தலைகீழாக வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. நேராகத் திருப்பினால் பார்க்கச் சகிக்காத கோரம். நாம் முகத்தைத் துண்டு துண்டாகப் பார்ப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே எவ்வளவு இடம், மூக்கு எங்கே முடிகிறது, அங்கிருந்து உதடு எவ்வளவு தூரம், இதெல்லாம் சேர்ந்து ஒரே வீச்சில் ஒரு ஆளாக நம் மூளைக்குள் போகிறது. முகம் நேராக இருந்தால்தான் அது நடக்கும்.

என் தோழிக்கு அந்த ஒரே வீச்சு இல்லை. அவள் முகத்தைப் பட்டியலாகப் படிக்கிறாள். அகல நெற்றி, இடது கன்னத்தில் மச்சம், கூர் மூக்கு. இந்த மாதிரி பட்டியல் ஊரில் நூறு பேருக்குப் பொருந்தும்.

சரி, மூளைக்குள் என்ன நடக்கிறது? காதுக்குப் பின்பக்கம், மூளையின் அடிப்பகுதியில் ஃபியூசிஃபார்ம் என்ற மடிப்பு இருக்கிறது. அங்கே, முக்கியமாக வலப் பக்கத்தில், ஒரு சின்ன இடம் மற்ற எதையும்விட முகத்தைப் பார்க்கும்போது அதிகமாக வேலை செய்கிறது என்று நான்சி கேன்விஷரும் அவருடைய குழுவினரும் 1997-ல் மூளை ஸ்கேன் மூலம் காட்டினார்கள். 2012-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு வலிப்பு நோயாளிக்குச் சிகிச்சைக்காக மூளையில் மின்முனைகள் வைத்திருந்தார்கள். மருத்துவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே அந்த இடத்தில் லேசாக மின்சாரம் செலுத்தினார்கள். மருத்துவரின் முகம் கண்ணெதிரே வேறு யாரோ ஒருவருடைய முகமாக மாறியது என்றார் நோயாளி. மின்சாரத்தை நிறுத்தியதும் பழைய முகம் திரும்பிவிட்டது.

அப்படியானால் முகத்துக்கென்றே மூளையில் தனி இடமா, இல்லை நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்க வேண்டிய எதற்குமான இடமா? ஆராய்ச்சியாளர்கள் இன்னும் இதில் ஒத்துப்போகவில்லை. எனக்கு இந்த விவாதத்தில் பிடித்த சாட்சிகள் ஆடுமாடு வளர்க்கிறவர்கள். பக்கவாதத்துக்குப் பிறகு மனித முகம் அறியாமல் போன ஒருவர் ஆட்டு மந்தை வாங்கினார், 36 ஆடுகள். 1993-ல் அவரைச் சோதித்துப் பார்த்தவர்கள் ஆச்சரியப்பட்டுப்போனார்கள். மனித முகம் தெரியாத அந்த மனிதருக்குத் தன் ஆடுகளின் முகம் நன்றாகவே தெரிந்தது. இதற்கு நேர் எதிராக ஒரு சுவிஸ் விவசாயி. 1984-ல் அவரைப் பற்றி எழுதினார்கள். தெரியாமல் போயிருந்த மனித முகங்கள் அவருக்குத் திரும்பத் தெரிய ஆரம்பித்தன, ஆனால் தன் தொழுவத்து மாடுகளைத்தான் அடையாளம் தெரியவில்லை. நம் பக்கம் ஆடு மேய்க்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நமக்கு ஒன்றுபோலத் தெரிகிற மந்தையில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொல்லுவார்கள்.

கனடாவில் இன்னொருவர், 1997-ல் வெளிவந்த ஆய்வு. விபத்தில் தலையில் அடிபட்ட பிறகு அவருக்குப் பொருள்களைப் பார்த்தால் என்ன பொருள் என்று தெரியாது, ஆனால் முகங்கள் அச்சு அசலாகத் தெரியும். காய்களையும் பழங்களையும் அடுக்கி முகம் போல வரைந்த பழைய இத்தாலிய ஓவியங்களை அவரிடம் காட்டினார்கள். முகத்தை உடனே பார்த்துவிட்டார். அது காய்கறியால் ஆனது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்ப்பதும் பொருளைப் பார்ப்பதும் மூளைக்குள் வேறு வேறு பாதையில் போகின்றன என்று நம்ப எனக்கு இது போதும்.

பிறவியிலிருந்து முகமறியாதவர்களுக்கு ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் எதுவும் தெரியாது. காயம் இல்லை, கட்டி இல்லை. அந்த ஃபியூசிஃபார்ம் பகுதிகூடப் பலருக்கு முகத்தைப் பார்த்ததும் வேலை செய்கிறது. மூளையின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பிழைகள் இவர்களுக்கு மெலிந்திருப்பதாக 2009-ல் ஒரு குழு கண்டறிந்தது. முகத்தைப் பார்க்கிற இடத்துக்கும், அந்த ஆளைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் இருக்கிற இடத்துக்கும் நடுவே ரோடு சரியில்லை என்று வைத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் இதே காரணமா என்று கேட்டால், அப்படிச் சொல்லிவிட முடியாது.

குழந்தையின் முதல் சில மாதங்களும் இதில் முக்கியம். இரண்டு கண்ணிலும் பிறவிப் புரையோடு பிறந்து, 2 முதல் 6 மாதத்துக்குள் அறுவை செய்து பார்வை வந்தவர்கள் 14 பேரை, 9 முதல் 21 வயதில் மறுபடி சோதித்த ஓர் ஆய்வு 2001-ல் வந்தது. முகத்தில் கண்ணின் வடிவமோ வாயின் வடிவமோ மாறினால் மற்றவர்களைப் போலவே கண்டுபிடித்தார்கள். ஆனால் முகத்தில் கண், மூக்கு, வாய்க்கு இடையே உள்ள தூரம் மாறினால் கண்டுபிடிப்பதில் மட்டும் அவர்கள் பின்தங்கியிருந்தார்கள். பிறந்தவுடனே அம்மா முகத்தையும் பாட்டி முகத்தையும் பார்த்துக்கொண்டு கிடக்கும் அந்த நாட்களில் ஏதோ ஒன்று மூளைக்குள் உருவாகிறது. என் தோழிக்கு அப்படிப் புரை எதுவும் இருந்ததில்லை. அவளுக்கு வந்தது வேறு வழி.

அவள் அப்பாவுக்கு மளிகைக் கடை இருந்தது. கடை வாசலில் நிழல் விழுந்தாலே "வாங்க வாங்க, எப்படி இருக்கீங்க" என்று எழுந்துவிடுவார். பிச்சை கேட்டு வந்தவருக்கும் அதே வரவேற்பு, பெரிய பண்ணைக்காரருக்கும் அதே வரவேற்பு. ஊரே அவரை நல்ல மனுஷர் என்று சொல்லும். உண்மையிலேயே நல்ல மனுஷர்தான். அவர் கடன் நோட்டைத்தான் நான் சொல்ல வேண்டும். கடன் நோட்டில் எல்லோரும் பேரும் பாக்கியும்தான் எழுதுவார்கள். இவர் பேருக்குக் கீழே பென்சிலில் பொடி எழுத்தில் இன்னும் சில எழுதியிருப்பார். "அரை கிலோ துவரை, கால் சீரகம், மூக்கால் பேசுவார்." "இடது கால் இழுத்து நடப்பார்." "வெற்றிலைச் சிவப்பு. சிரித்துவிட்டுத்தான் கேட்பார்." அவர் போன பிறகு பெட்டியைச் சுத்தம் செய்யும்போது அந்த நோட்டு கிடைத்தது. ஏதோ வேடிக்கையாக எழுதியிருக்கிறார் என்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்களாம். என் தோழி மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய மேசை இழுப்பறையிலும் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது.

இது குடும்பத்தில் ஓடுவது புதிதல்ல. ஜெர்மனியில் 2006-ல் மாணவர்கள் 689 பேரை விசாரித்ததில் 17 பேருக்கு இந்த நிலை இருப்பது தெரிந்தது, அதாவது 2.47 சதவீதம். அதில் வீட்டாரையும் விசாரிக்க ஒப்புக்கொண்ட 14 பேர் வீட்டிலும் குறைந்தது இன்னொருவருக்கு அதே சிரமம் இருந்தது. 2010-ல் இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வும் அதையே சொன்னது: முகத்தை ஞாபகம் வைக்கும் திறனில் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர் ஒத்துப்போகிற அளவுக்கு, தனித்தனிக் கருவில் வந்த இரட்டையர் ஒத்துப்போகவில்லை. ஒரே வீட்டில் வளர்ந்தது மட்டும் காரணம் என்றால் இரண்டு வகையினரும் ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும்.

எண்ணிக்கையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2023-ல் அமெரிக்காவில் 3,341 பேரைச் சோதித்ததில் 3.08 சதவீதம், கிட்டத்தட்ட 33 பேரில் ஒருவர் என்று வந்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் 108 பேரில் ஒருவர். இந்த எண்கள் கோடு எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்தவை. முகமறியும் திறன் உயரம் மாதிரி. நடுவில் பெருங்கூட்டம், ஒரு ஓரத்தில் என் தோழி, மறு ஓரத்தில் ஒருமுறை பார்த்த முகத்தை வருடக்கணக்கில் மறக்காதவர்கள். அந்த மறு ஓரத்தினரைப் பற்றி 2009-ல்தான் முதலில் ஆய்வு வந்தது. பிற்பாடு லண்டன் போலீஸ் அப்படிப்பட்டவர்களைத் தேடிப்பிடித்து, கண்காணிப்புக் கேமராப் படங்களைப் பார்த்துக் குற்றவாளிகளை அடையாளம் காட்டும் வேலையில் வைத்துக்கொண்டது. 33 பேரில் ஒருவர் என்ற கணக்கை எடுத்துக்கொண்டால், நாற்பது பேர் உள்ள ஒரு வகுப்பில் ஒரு பிள்ளைக்காவது இந்தச் சிரமம் இருக்க வாய்ப்பு அதிகம்.

அந்தப் பிள்ளை எப்படிச் சமாளிக்கும்? முடி, நடை, குரல், செருப்பு, சைக்கிள், எந்த இடத்தில் யாரைப் பார்க்க வேண்டியிருக்கும் என்ற கணக்கு. இதில் ஒன்று மாறினாலும் ஆள் தொலைந்துபோவார். என் தோழியின் அண்ணன் பழனிக்குப் போய் மொட்டை போட்டு, மீசையையும் எடுத்துவிட்டு வந்து நின்றபோது, "யாருங்க வேணும்?" என்று கேட்டிருக்கிறாள். கூடப் பிறந்த அண்ணனிடம். சினிமா பார்ப்பதும் பாடுதான். ஒரே மாதிரி மீசை, ஒரே மாதிரி சட்டை போட்ட இரண்டு பேர் படத்தில் இருந்தால் யார் செத்தார், யார் பழிவாங்குகிறார் என்று அவளுக்குக் கதை பிடிபடாது. கொரோனா காலத்தில் எல்லோரும் முகக்கவசத்துக்குப் பின்னால் போனபோது நாமெல்லாம் திணறினோம். அவள், "எனக்கு எப்பவும் இப்படித்தான் இருக்கும்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில்தான் எனக்கு முதல்முறையாகப் புரிந்தது.

பேர்பெற்றவர்களிலும் இருக்கிறார்கள். நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் மற்றவர்களின் மூளையைப் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதியவர். தனக்கும் இது இருப்பதை 2010-ல் விரிவாக எழுதினார். சிம்பன்சிகளோடு வாழ்ந்த ஜேன் குடாலுக்கும் இருந்தது. அமெரிக்க ஓவியர் சக் க்ளோஸ் இன்னும் ஒரு படி மேலே. முகமறியாத அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க வரைந்தது முகங்களைத்தான், ஆளுயரத்துக்கும் மேலான திரைகளில். நேரில் தலையைக் கொஞ்சம் திருப்பினாலே அவருக்கு முகம் மாறிவிடும். புகைப்படமாகத் தட்டையாக்கி, கட்டம் போட்டு, கட்டம் கட்டமாக வரைந்தால் மனதில் நிற்கும். தனக்கு வேண்டிய முகங்களைத் தக்கவைத்துக்கொள்ள அவர் கண்ட வழி அது.

நம் ஊரில் இந்தச் சிரமம் எங்கே வெடிக்கிறது என்றால், கல்யாண மண்டபத்தில். வாசலில் சந்தனம், கற்கண்டு தாண்டி உள்ளே போனதும் ஒரு பெரியம்மா கையைப் பிடித்துக்கொள்வார். "என்னைத் தெரியுதா? நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்." அன்போடுதான் கேட்கிறார். ஆனால் கையை விட மாட்டார், சுற்றி நாலு பேர் வேறு சிரித்துக்கொண்டு நிற்பார்கள். என் தோழிக்கு அந்த நேரத்தில் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். தமிழில் ஒரு வசதி உண்டு. பேர் தெரியாவிட்டாலும் அக்கா, அண்ணே, அம்மா என்று கூப்பிட்டு ஊர் முழுக்கப் பேசிவிடலாம். கடையிலும் பஸ்ஸிலும் அவளை அது காப்பாற்றியிருக்கிறது. கல்யாண வீட்டில் அது எடுபடாது. அங்கே முறை சரியாக வர வேண்டும். மாமாவைச் சித்தப்பா என்றால் சிரிப்பு, சம்பந்தி வீட்டாரை யாரோ மாதிரி பார்த்தால் பேச்சுவார்த்தையே நின்றுபோகும். "முகம் கொடுத்துப் பேசல", "கண்டும் காணாத மாதிரி போறா", "வேலைக்குப் போனதும் தலைக்கனம்." நம் மொழியில் ஒருவரைத் தெரியாமல் போவதற்கு இருக்கிற சொற்களில் பாதி, குணத்தைக் குறை சொல்கிற சொற்கள். பேசாமல் அவள் விசேஷங்களுக்குப் போவதையே குறைத்துக்கொண்டாள். அது இன்னொரு புகாராக வந்து சேர்ந்தது.

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முகம் தெரியாததால் வரும் கஷ்டத்தைவிட, அதற்கு நாம் சூட்டும் பேரால் வரும் கஷ்டம் அதிகம். முகமறியாதவர்கள் பலர் கூட்டத்தைக் கண்டு ஒதுங்குகிறார்கள், எப்போதும் ஒரு குற்ற உணர்வோடு இருக்கிறார்கள் என்று அவர்களிடம் பேசி எழுதியவர்கள் சொல்கிறார்கள். குழந்தைகளுக்கு அபாயமும் உண்டு. பள்ளிக்கூட வாசலில் அப்பா மாதிரியே நீலச் சட்டை போட்ட இன்னொருவரின் பின்னால் போய்விடலாம். ஒரு பிள்ளை அம்மா சேலை மாற்றினால் மிரண்டது என்றாலோ, கூட்டத்தில் அம்மா கையை விடவே மாட்டேன் என்றாலோ, கூடப் படிக்கும் பிள்ளையை வெளியே பார்த்தால் தெரியவில்லை என்றாலோ, அடம் என்று நினைப்பதற்கு முன் ஒருமுறை இதையும் யோசிக்கலாம். ஆட்டிசம் உள்ளவர்களிடம் முகம் அறிவதில் சிரமம் கூடுதலாகக் காணப்படுகிறது. அதற்காக முகமறியாமை இருந்தாலே ஆட்டிசம் என்று அர்த்தமில்லை. என் தோழிக்கு அது இல்லை.

சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. பிராட் டுஷேனும் கென் நாகயாமாவும் 2006-ல் உருவாக்கிய கேம்பிரிட்ஜ் முக ஞாபகச் சோதனையைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். முடி, காது எதுவும் உதவாதபடி வெட்டிய ஆறு ஆண்களின் முகங்களைக் காட்டுவார்கள். அப்புறம் மூன்று மூன்றாக முகங்களைக் காட்டி, முன்பு பார்த்தது எது என்று கேட்பார்கள். போகப்போகக் கோணம் மாறும், வெளிச்சம் மாறும், படத்தில் புள்ளிகள் தூவப்பட்டிருக்கும். மொத்தம் 72 கேள்விகள். அதில் இருப்பவை வெள்ளைக்கார முகங்கள் என்பதை நம் ஆட்கள் கணக்கில் எடுக்க வேண்டும். பழகாத இனத்தவரின் முகங்களை அடையாளம் காண்பது எல்லோருக்குமே கொஞ்சம் சிரமம்தான். அந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்துப் பயந்துவிடக்கூடாது. மருந்து கிடையாது. பயிற்சியால் சிலருக்குக் கொஞ்சம் முன்னேற்றம் வந்திருக்கிறது, முழுதாகச் சரியானதாக இல்லை. ஆனால் பேர் தெரிந்ததே பெரிய ஆறுதல். என் தோழிக்கு அப்போது 36 வயது. அந்த ராத்திரி அப்பாவின் கடன் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னாள். அவருக்கு இப்படி ஒரு பேர் இருப்பது கடைசிவரை தெரியாது.

இப்போது வருட ஆரம்பத்தில் முதல் நாளே வகுப்பில் சொல்லிவிடுகிறாள். "எனக்கு முகம் ஞாபகத்தில் நிக்காது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். உங்க பேர், உங்க குரல், உங்க கையெழுத்து எல்லாம் எனக்குத் தெரியும். வெளியில என்னைப் பார்த்தா பேர் சொல்லிக் கூப்பிடுங்க." தலைமையாசிரியை முதலில் தயங்கினாராம், பிள்ளைகள் இதை வைத்து ஏமாற்றமாட்டார்களா என்று. இரண்டு பேர் இடம் மாறி உட்கார்ந்து பார்த்தார்கள். "ஆஜர் டீச்சர்" என்று சொன்னதுமே மாட்டிக்கொண்டார்கள்.

போன மாதம் அவளோடு சந்தைக்குப் போயிருந்தேன். தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு பிள்ளை ஓடி வந்தது. மூச்சிரைக்க நின்று, கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் ஒப்பிக்கிற மாதிரி சொன்னது: "டீச்சர், எட்டாம் வகுப்பு பி, ஜன்னல் பக்கம் மூணாவது பெஞ்ச்." பேரைச் சொல்வதற்குள் என் தோழி அதன் பேரைச் சொல்லிவிட்டாள்.